பெருமுக்கல் அடிவாரத்தில் நான்கு குச்சிகள்

விழுப்புரத்தில் ஒருவர் பறவைகளைப் படமெடுக்கும் நீள லென்ஸைப் பாதி விலைக்குத் தருகிறார் என்று கைப்பேசியில் விளம்பரம் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. திருட்டுப் பொருளாக இருக்கும். இல்லாவிட்டால் உள்ளே பூஞ்சை பிடித்திருக்கும். கோவில்பட்டியில் இருபத்திரண்டு வருடமாக மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன் நான். திருப்பிக் காலாவதித் தேதி பார்க்காமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை. "உங்களுக்கு என் மேலயாவது நம்பிக்கை இருக்கா?" என்று ஒருமுறை என் மனைவி கேட்டாள். கொஞ்சம் யோசித்துப் பதில் சொன்னேன். யோசித்தது தப்பாகப் போய்விட்டது.

பறவைப் பைத்தியம் எனக்கு வந்தது சர்க்கரையால். தினமும் நாலு கிலோமீட்டர் நட என்றார் டாக்டர். கண்மாய்க் கரையில் நடந்தேன். சும்மா நடக்க அலுப்பாக இருந்ததால் பறவைகளைப் பார்த்தேன். பார்த்ததைச் சொன்னால் யாரும் நம்பவில்லை என்பதால் ஒரு கேமரா வாங்கினேன். ஆறு மாதம் எடுத்த படங்களில் வானம் பிரமாதமாக விழுந்திருந்தது, பறவைதான் ஒரு புள்ளி. மீன்கொத்தி என்று ஒன்றை அனுப்பியதற்கு என் மைத்துனர், "மாப்பிள்ளை, கேமராவுல தூசி விழுந்திருக்கு, தொடைங்க" என்று பதில் போட்டார். அந்த வார்த்தைதான் என்னை ரயில் ஏற்றியது.

விழுப்புரத்தில் இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. சித்திரை மாதம், முந்தின நாள் கோடை மழை பெய்து சாலையோரமெல்லாம் தண்ணீர் நின்றது. ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு கடையில் இட்லி கேட்டேன். இட்லிமேல் சாம்பாரும் இல்லாமல் குருமாவும் இல்லாமல் உதிரி உதிரியாக எதையோ ஊற்றினார்கள். நேற்று மிஞ்சிய வடையாக இருக்குமோ என்று விரலால் கிளறிக்கொண்டிருந்தேன். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"சார், அது வடகறி. துன்னுட்டுப் பாருங்க, அப்புறம் ஆராய்ச்சி பண்ணுங்க."

தின்று பார்த்தேன். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினேன். ஆனாலும் அது எந்த நாளைய வடை என்று கடைக்காரரிடம் கேட்காமல் எழுந்து வர முடியவில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிக்கொண்டார்.

லென்ஸ்காரர் பெயர் பாஸ்கர். முப்பத்தைந்து வயதிருக்கும், கல்யாண ஸ்டுடியோ வைத்திருக்கிறார். லென்ஸைக் கையில் கொடுத்ததும் நான் கைப்பேசி டார்ச்சைப் போட்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒளி பாய்ச்சிப் பார்த்தேன். பூஞ்சை இருந்தால் சிலந்தி வலை போலத் தெரியும் என்று படித்திருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

"இவ்வளவு நல்லா இருக்கறதை ஏன் தம்பி விக்கிறீங்க?"

"கல்யாணத்துல பொண்ணு மாப்ளய நில்லுன்னா நிப்பாங்க, சிரின்னா சிரிப்பாங்க. குருவிங்க எங்க சார் நம்ம பேச்சக் கேக்குது? ஒரு வருசம் இத்தத் தூக்கிக்கினு அலைஞ்சேன். பேஜாராப் பூடுச்சி. வுட்டுட்டேன்."

இதை நான் நம்பவில்லை. அவரே ஒரு வழி சொன்னார்: திருவாமாத்தூர்க் கோயிலில் அவருக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது, இரண்டு நாள் வேலை; அதுவரை லென்ஸையும் ட்ரைபாடையும் நான் எடுத்துப்போய் உபயோகித்துப் பார்க்கலாம். திண்டிவனத்தைத் தாண்டிப் பெருமுக்கல் பக்கம் போனால் பறவைகள் கிடைக்கும் என்றார். ஆனால் என் ஆதார் அட்டையை அசலாக அவரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார்."

தப்பாகத்தான் நினைத்தேன். ஆனால் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன் என்பதால் கொடுத்துவிட்டு வந்தேன். லென்ஸை வாங்கினேனா இல்லையா என்று கடைசிவரை இழுத்தடிக்காமல் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கினேன். அதில் ஒரு குறையும் இல்லை. குறை வேறிடத்தில் இருந்தது.

திண்டிவனத்துக்கு ஏறிய பேருந்து ஊருக்குள் போகாது என்று யாரும் சொல்லவில்லை. மேம்பாலத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, "திண்டிவனம்லாம் எறங்கு, ஜல்தி, ஜல்தி" என்று நடத்துனர் விரட்டினார். ஒரு தோளில் லென்ஸ் பை, இன்னொரு தோளில் ட்ரைபாட், கையில் துணிப் பை. லாரிகள் சீறுகிற சாலையோரம் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் நீளப் பையைத் தட்டிப் பார்த்து, "இன்னா சார், துப்பாக்கியா?" என்றார். கேமரா என்றதும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார். துப்பாக்கி என்று சொல்லியிருந்தால் நெருங்கி உட்கார்ந்திருப்பாரோ என்னவோ.

அன்றிரவு திண்டிவனத்தில் தங்கி, மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் பெருமுக்கல் போய் இறங்கினேன். மலைமேல் கோயில் தெரிந்தது. ஏறவில்லை. அடிவாரத்தில் மல்லாட்டை பிடுங்கி முடித்த நிலங்கள் வெறுமையாகக் கிடந்தன. மல்லாட்டை என்றால் நம் ஊர் நிலக்கடலைதான். டீக்கடையில் அவித்து வைத்திருந்ததை ஒரு பொட்டலம் வாங்கிக் கொறித்துக்கொண்டே வரப்பில் நடந்தேன். எங்கள் ஊர்க் கடலைக்கு ஈடாகாது என்று சொல்ல ஆசைதான். சொன்னால் பொய்யாகிவிடும்.

வரப்பில் ஐம்பது அடி நடந்திருக்க மாட்டேன், ஊரைக் கூட்டுகிற மாதிரி ஒரு பறவை கத்திக்கொண்டு மேலெழும்பியது. ஆள்காட்டி. மஞ்சள் கால், கறுத்த கழுத்து, கண்ணோரம் சிவப்புத் தோல். என் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து திட்டியது. கொஞ்ச தூரத்தில் இறங்கி நொண்டுகிற மாதிரி நடந்தது. கூடு இருக்கும் பக்கத்திலிருந்து ஆளை வேறு பக்கம் இழுத்துப்போக அது இப்படி நடிக்கும் என்று படித்திருக்கிறேன். என்னைவிடச் சந்தேகப் பிராணி ஒன்றை அன்றுதான் பார்த்தேன். ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

ஒரு வேலிக்கருவைப் புதருக்குப் பின்னால் ட்ரைபாடை நட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே பாடம் இதுதான்: நம் வேலை படமெடுப்பது இல்லை, உட்கார்ந்திருப்பது. முக்கால் மணி நேரம் கழித்து, கால் மரத்து, எறும்பு கடித்து, இனி போதும் என்று நினைத்தபோது அது வந்தது. நேராக வரவில்லை. நாலடி நடக்கும், நிற்கும், திரும்பிப் பார்க்கும். கடைசியில் வெட்டவெளியில், கல்லும் கட்டியுமாகக் கிடந்த ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டது. வயிற்று இறகெல்லாம் நனைந்து சொட்டியது. தேங்கின தண்ணீரில் வயிற்றை நனைத்து வந்து வெயிலில் காயும் முட்டைகளைக் குளிர்விக்கிறது. லென்ஸ் வழியாக அந்த நீர்த்துளிகளைக்கூடப் பார்த்தேன். விடாமல் அமுக்கினேன். தூசி என்ற மைத்துனருக்கு இது போதும்.

அப்போதுதான் அந்த இடத்தைச் சுற்றி நாலு குச்சிகள் நட்டிருப்பதைக் கவனித்தேன். முழங்கால் உயரக் குச்சிகள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாழ்வாக நைலான் கயிறு கட்டியிருந்தது. ஒரு குச்சியில் சிவப்புத் துணி. எங்கள் பக்கம் கௌதாரிக்கு இப்படித்தான் நைலானில் கண்ணி வைப்பார்கள், நானே பார்த்திருக்கிறேன். முட்டைமேல் உட்காரும் தாயைப் பிடிக்க எவனோ வைத்திருக்கிறான்.

"சார், சர்வேயா?"

திடுக்கிட்டுத் திரும்பினேன். தலையில் தூக்குவாளியோடு ஒரு பெண்மணி வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் அஞ்சலாட்சி என்பது மறுநாள்தான் தெரிந்தது. நிலம் அவர் குடும்பத்தினுடையது.

"இல்லம்மா."

"அப்ப இது இன்னா?" ட்ரைபாடைக் காட்டினார்.

"கேமராவை நிறுத்துற ஸ்டாண்டு."

"அவுங்களும் இப்டித்தான் சொன்னாங்க. பக்கத்து ஊருக்குப் போன வருசம் வந்தாங்க. இதே மாதிரி மூணு கால வெச்சி, குனிஞ்சி குனிஞ்சி பாத்துக்கினு இருந்தாங்க. கேட்டதுக்கு, சும்மா பாக்குறோம்னாங்க. ஒரு மாசங்கழிச்சி வந்து, நெலத்த எடுக்கப் போறோம்னு கல்லு நட்டுட்டுப் பூட்டாங்க."

"நான் சும்மா மலையைப் பார்க்க வந்தேம்மா. கோவில்பட்டி."

"அங்க மலை இல்லியா?"

"இருக்கு. சின்னது."

அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "குருவி கிருவி புடிக்க வந்தீங்களா?"

கண்ணி வைத்தது இந்த அம்மாளோ, இவர் வீட்டு ஆளோ என்று எனக்குள் ஓடியது. பறவையைப் பார்த்தேன் என்று சொன்னால் உஷாராகிவிடுவார்கள். "குருவியா? இங்க குருவி இருக்கா என்ன?" என்றேன்.

"இங்க ஏது குருவி? ஒண்ணும் கெடையாது."

அவர் சொல்லி வாயை மூடவில்லை, எங்கள் தலைக்கு மேலே அது கத்திக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியது. இருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் மோட்டார் கொட்டகைக்குப் போய் அங்கிருந்தபடியே என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார். நானும் புதரை விட்டு மறுபக்க வரப்புக்கு மாறி உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் படம் எடுத்தேன். உச்சி வேளையில் அவர் ஊர்ப்பக்கம் நடந்து மறைந்ததும் எழுந்தேன். செய்யக்கூடாத காரியம் அது. கூட்டை நெருங்கக் கூடாது என்பது தொடங்குகிறவனுக்குச் சொல்கிற முதல் விதி. ஆனால் நான் காப்பாற்றப் போகிறவன் அல்லவா. குனிந்து பார்த்தால் நாலு முட்டைகள். மண் நிறம், கறுப்புத் திட்டு. ஓரடி தள்ளி நின்றால் கல்லா முட்டையா என்று தெரியாது. நாலு குச்சிகளையும் பிடுங்கினேன். கயிற்றைச் சுருட்டி, குச்சிகளை முழங்காலில் வைத்து ஒடித்து, ஓடைக்கு அந்தப்பக்க முள்ளுக்குள் வீசி எறிந்தேன். ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியில் பஸ் ஏறினேன்.

அன்று சாயந்திரம் திண்டிவனத்தில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தபோது கேமராத் திரையைக் கைப்பேசியில் படமெடுத்துப் பாஸ்கருக்கு அனுப்பினேன். பெருமையடித்துக்கொள்ள வேறு ஆள் கிடைக்கவில்லை. உடனே கூப்பிட்டார்.

"சூப்பர் சார். ஆக்காட்டியா? இன்னா ஷார்ப்பு பாருங்க. நா சொன்னேன்ல, லென்ஸு நல்ல லென்ஸுன்னு. சுத்தி குச்சிகூட நட்டு வெச்சிருக்காங்களே."

"அது கண்ணி தம்பி. பிடுங்கி எறிஞ்சிட்டேன்."

பின்னால் கேட்ட கல்யாண மேளத்தை விட்டுத் தள்ளி வந்து பேசினார்.

"சார், அது கண்ணி இல்ல சார். ஆக்காட்டி முட்ட வெச்ச எடத்த எங்க பக்கம் ஓட்ட மாட்டாங்க. ட்ராக்டர்காரனுக்குத் தெரியணும்னு குச்சி நட்டு வுடுவாங்க. அத்த மட்டும் வுட்டுட்டு சுத்தி ஓட்டிக்கினு பூடுவான். கயிறு, ஆடு மிதிக்காம இருக்க. மழ பேஞ்சிருக்குதே சார். நாளைக்கு எல்லா நெலத்துலயும் வண்டி எறங்கிடுமே."

பிய்த்த பரோட்டாவை அப்படியே வைத்தேன். சால்னா நன்றாக இல்லை என்று கடைக்காரரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு எழுந்தேன். அந்த அம்மாள் நம்பர் இல்லை, பெயர்கூடத் தெரியாது. இப்போது போனால் இருட்டிவிடும். என்மீதே எனக்குக் காறித் துப்பலாம் போல வந்தது.

விடிவதற்கு முன்பே பஸ் ஸ்டாண்டில் நின்றேன். முதல் டவுன் பஸ் வரவில்லை. டிரைவர் லீவு என்று ஒருவர் சொன்னார், பிரேக் டவுன் என்று இன்னொருவர். ஆட்டோக்காரர் என் பைகளைப் பார்த்துவிட்டு, "அவ்ளோ தூரமா, திரும்பி வர சவாரி கெடைக்காது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் ஒரு பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். நல்ல மனிதர்தான், ஆனால் வண்டி ஒவ்வொரு ஊர்ப் பால் சொசைட்டியிலும் நின்றது. ஒவ்வொரு இடத்திலும் கேன் இறக்கி, கேன் ஏற்றி, ஒரு டீ குடித்து, ஒரு கதை பேசினார்.

"அண்ணே, கொஞ்சம் சீக்கிரம் போகக்கூடாதா?"

"ஏன் சார், யாருக்குனா ஒடம்பு சரியில்லியா?"

நாலு முட்டைக்காகப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? ஆமாம் என்றேன். பாவம், அதற்கப்புறம் அவர் டீ குடிக்கவில்லை.

பெருமுக்கலில் குதித்து ஓடினேன். ட்ராக்டர் சத்தம் தூரத்திலேயே கேட்டது. நிலத்தில் பாதிக்குமேல் சிவப்பாகப் புரண்டு கிடந்தது. ஆள்காட்டி ஒன்றல்ல, இரண்டும் மேலே சுற்றிக் கதறிக்கொண்டிருந்தன. கையை ஆட்டிக் கத்தினேன். ட்ராக்டர்க்காரர் ஏழுமலைக்கு இஞ்சின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. நேராகப் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். அவர் பிரேக்கை மிதித்து, இஞ்சினை அணைத்து, என்னை ஏசினதை இங்கே எழுத முடியாது.

"இங்க முட்டை இருக்கு, ஓட்டாதீங்க."

"தெரியும்யா. குச்சி நட்டிருக்கறதா அக்கா சொல்லிச்சி. குச்சியக் காணோமே, சரி, இன்னும் அந்தாண்ட இருக்கும்னு ஓட்டிக்கினு வர்றேன்."

அதற்குள் அஞ்சலாட்சி தூக்குவாளியோடு வந்துவிட்டார். என்னைக் கண்டதும் முகம் இறுகியது.

"மறுபடியும் வந்துட்டியா? ஏழுமல, இந்தாளுதான் நேத்து மூணு கால வெச்சிக்கினு குந்தியிருந்தது." என் பக்கம் திரும்பினார். "குச்சிய இன்னா பண்ண?"

நேற்று இருந்த "நீங்க" இன்று இல்லை. இருக்கவும் வேண்டியதில்லை.

"நான்தாம்மா பிடுங்கிட்டேன். நீங்க கண்ணி வெச்சிருக்கீங்கன்னு நினைச்சேன்."

"கண்ணியா? நானா?" தூக்குவாளியைக் கீழே வைத்தார். "நீ வேட்டக்காரன், அதுங்களத் தூக்கிக்கினுப் போயிடுவியோன்னுதான் நா குருவியே இல்லன்னேன். நீ கண்ணின்ற. இந்த வருசம் அது மேட்டுல முட்ட வெச்சிருக்குது, அப்டி வெச்சா மழ நல்லா வரும்னு நேத்துதான் எம் பொண்ணுகிட்ட சொல்லிக்கினு இருந்தேன். ஆதார் இருக்குதா? எடு."

"விழுப்புரத்துல ஒருத்தர்ட்ட குடுத்திருக்கேன்."

"ஏன்?"

"இந்த லென்ஸுக்கு ஈடா."

ஏழுமலை சிரித்துவிட்டார். அஞ்சலாட்சி சிரிக்கவில்லை. "எடம் எங்கன்னு காட்டு மொதல்ல" என்றார்.

காட்டலாம் என்று திரும்பினால் எனக்கே தெரியவில்லை. கல், கட்டி, கல், கட்டி. எங்கே கால் வைத்தாலும் முட்டையை மிதித்துவிடுவோமோ என்று பயம். அவருக்கும் இந்தப் பக்கம்தான் என்று தெரியுமே தவிர, குச்சியை நம்பி இடத்தை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. பறவைகளும் மேலே இருந்தன, கீழே இறங்கினால்தானே காட்டும்? அப்போதுதான் படங்கள் ஞாபகம் வந்தன.

கேமராவை எடுத்தேன். புதருக்குப் பின்னாலிருந்து எடுத்த படத்தில், உட்கார்ந்திருக்கும் பறவைக்கு நேர் பின்னால் மங்கலாக ஒரு பனை. அஞ்சலாட்சி திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்தார். நான் ஓடைக்கரைப் பனையைக் காட்டினேன்.

"அது இல்ல. மண்ட சாஞ்சிருக்குது பாரு, அது கெழக்கால பன. இடி வுழுந்தது."

புதரடியில் என் ட்ரைபாடின் மூன்று கால் தடமும் நிழலில் காயாத மண்ணில் அப்படியே இருந்தது. அங்கிருந்து அந்த மண்டை சாய்ந்த பனைக்கு ஒரு கோடு. மறுபக்க வரப்பிலிருந்து எடுத்த படத்தில் பின்னணி மோட்டார் கொட்டகையின் கதவு. அந்த வரப்பில் அவர் போய் நின்றார், புதரடியில் நான். ஏழுமலை நிலத்துக்குள் பூனை நடை நடந்து வர, "இன்னும் இந்தாண்ட, இன்னும் கொஞ்சம்" என்று இருவரும் கைகாட்டினோம். ஓரிடத்தில் அவர் அப்படியே நின்றார். ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றார்.

"தோ இருக்குது. நாலும் இருக்குது."

கடைசியாக உழுத சால் அதிலிருந்து நாலு தப்படியில் இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கமில்லாமல் துடைத்துக்கொண்டேன்.

"அக்கா, ஜல்தி சொல்லு, இன்னும் ரெண்டு நெலம் இருக்குது" என்றார் ஏழுமலை. "குச்சி எங்க?"

முள்ளுக்குள் ஒடித்து எறிந்துவிட்டேன் என்றேன். அஞ்சலாட்சி என்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தார்.

"புடுங்கினவரு நிக்கட்டும்."

நின்றேன். முட்டைகளுக்கு இரண்டடி தள்ளி, மண்டையைப் பிளக்கும் வெயிலில், என் கேமராவும் லென்ஸும் வரப்பில் அந்த அம்மாள் காலடியில் இருக்க, நான் நின்றேன். ட்ராக்டர் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடியது. புழுதி வாயெல்லாம். ஆள்காட்டிகள் இரண்டும் முறைவைத்து என் தலையைக் குறிபார்த்துப் பாய்ந்தன. அத்தனை பக்கத்தில், அத்தனை வெளிச்சத்தில் ஒரு பறவை சிறகு விரித்து வருவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கையில் ஒன்றுமில்லை. நடுவில் அஞ்சலாட்சி வந்து ஒரு சொம்பு கேப்பங்கூழும் வெங்காயமும் நீட்டினார். என்ன தண்ணீரில் கரைத்ததோ என்று ஒரு கணம் பார்த்தேன். அவர் பார்வையைக் கண்டதும் மடமடவென்று குடித்துவிட்டேன்.

ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. வரப்போரமாகப் புதுக் குச்சிகள் வெட்டி அவரே நட்டார், நான் கயிறு கட்டினேன். நாங்கள் மோட்டார் கொட்டகை நிழலுக்கு வந்து கொஞ்ச நேரத்தில் ஒரு பறவை இறங்கியது. நடந்தது, நின்றது, எங்களைப் பார்த்தது, குச்சிக்குள் நுழைந்து உட்கார்ந்தது.

"சரி, படத்தையெல்லாம் அழிச்சிடு" என்றார் அஞ்சலாட்சி.

"பறவை மட்டும்தாம்மா இருக்கு."

"எங் கெணறு இருக்குது. கொட்டா இருக்குது. பன இருக்குது. பன எங்க இருக்குதுன்னு பாத்துதான எடத்தக் கண்டுபுடிச்ச? நீ கண்டுபுடிச்சா இன்னொருத்தன் கண்டுபுடிக்க மாட்டானா?"

பாஸ்கருக்கு அனுப்பியதைக் கைப்பேசியில் இருவருக்கும் இல்லாமல் அழித்துவிட்டு, கேமராவில் இருந்ததை ஒவ்வொன்றாக அழித்தேன். அவர் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே வந்தார். வயிற்றில் நீர் சொட்டச் சொட்ட அது உட்கார்ந்த படம் வந்தபோது விரல் நின்றது. மனசு கேட்கவில்லை. இந்த ஒன்றை மட்டும் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் அந்தப் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அதுவுந்தான்" என்றார். அழித்தேன்.

பைகளை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது அவர் இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்தார். "தோ, இதப் பாத்துட்டுப் போ. நாளைக்கு எங்க நெலத்துல எவனாவது கல்லு நட்டான்னா, உம் மூஞ்சி எங்கிட்ட இருக்குது."

நான் நிலத்தில் நின்றிருந்தபோது அவர் எடுத்த படம். யாருடனோ பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். திரையின் நடுவில் நான், முழங்கால்வரை புழுதி, வாய் பிளந்து, ஒரு கையால் தலையை மறைத்துக்கொண்டு நிற்கிறேன். என் தோளுக்கு மேலே, சிறகு இரண்டையும் அகல விரித்து, மஞ்சள் கால் நீட்டி, கண்ணின் சிவப்பு வளையம்வரை துல்லியமாக, ஆள்காட்டி. அப்படி ஒரு படத்துக்காகத்தான் நான் ரயில் ஏறி வந்தேன்.

"யம்மா, இதை மட்டும் எனக்கு அனுப்புறீங்களா? என் நம்பர் சொல்றேன்."

"அனுப்பிச்சா என் நம்பர் உங்கிட்ட வந்துடுமே" என்றார். கைப்பேசியை அணைத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு சாலைவரை கூடவே வந்து, நான் பஸ் ஏறி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.